ஏரிக்கரையில் வாங்கிய வசவு

அன்றைக்கு வேம்புக்கண்டிகை ஏரிக்கரையில் இருந்தவர்கள்: நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் பாலசுந்தரமாகிய நான், என் பேத்தி ஹரிதா, அவளைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்திருந்த பிரபாகர், பிரபாகரின் தாயார் சுமித்ரா, அந்த அம்மாளைக் காரில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த என் மகன் கோவர்த்தனன் (கடைசிவரை காரை விட்டு இறங்கவில்லை, என்றாலும் இருந்தான்), அந்த ஊர்க் கோயில் காரியங்களைப் பார்க்கும் கங்கையா, கன்னியம்மாள் என்ற வயதான பெண், பிறகு அந்த ஊர் ஜனம். வேப்ப மரத்தில் ஒரு கடா கட்டியிருந்தது. நகரியிலிருந்து வேறு யாரும் அங்கே இல்லை. இன்று நகரியில் நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அத்தனை பேரும் அன்று அந்தக் கரைமேல் நின்றிருந்தால் ஏரி உடைந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் காரில் வருவார்கள். கார் இல்லாத காலத்தில் ஜட்கா வண்டியில் வந்தார்கள். என் தங்கையைப் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள் என்பதற்காக என் தகப்பனார் அந்தச் சம்பந்தியிடம் சாகும்வரை சிரித்துப் பேசவில்லை. எங்கள் வாசலுக்குச் சைக்கிளில் வந்தவர் தபால்காரர் ஒருவர்தான்.

பிரபாகர் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்து, மீதி இரண்டு நாள் சைக்கிளில் மலை மலையாக ஏறுகிறவர். ஹரிதா ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். அவளும் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கி, லீவு நாளில் ஏரி ஏரியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊரில் எதற்கெல்லாமோ பொருத்தம் பார்க்கிறார்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் சைக்கிளுக்குச் சைக்கிள் பொருத்தம் பார்த்து இந்த ஜாதகத்தைக் கொண்டுவந்தார். நல்ல குடும்பம். திருப்பதியில் பழைய வீடு. எனக்குப் பிடித்துவிட்டது.

ஹரிதா ஒரு நிபந்தனை போட்டாள். பட்டுப் புடவை கட்டிக் காபி கொண்டுவந்து நிற்க மாட்டாளாம். நகரியிலிருந்து புத்தூர், நாராயணவனம், பிச்சாட்டூர் ஏரி, நாகலாபுரம், சுருட்டப்பள்ளி என்று ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவார்களாம். சாயங்காலம் சுருட்டப்பள்ளிக் கோயில் வாசலில் சரி, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாளாம்.

"போன்ல பேசினீங்களே, ஆளு எப்டி?" என்று கேட்டேன்.

"எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்'ங்கிறாரு தாத்தா. டீயா காபியான்னா உங்க இஷ்டம். பெங்களூரா நகரியான்னா உங்க இஷ்டம். நேத்து வேணும்னே கேட்டேன், உங்களுக்கு இன்னாதான் புடிக்கும்னு. அதுவும் உங்க இஷ்டமாம்."

"அதுக்குப் பேர் மரியாதை."

"மரியாதைய வச்சிகினு நான் இன்னா பண்றது? மனசுல இன்னா இருக்குதுன்னே தெரியல. அத்தத் தெரிஞ்சிக்காம தலைய நீட்ட மாட்டேன். சாயந்திரத்துக்குள்ள தெரியலேன்னா, இல்லதான்."

விஷயம் இப்படி இருந்தது. இதில் என் வாக்கு ஒன்றும் மாட்டியிருந்தது. சுமித்ரா அம்மாள் வந்தபோது, "பொண்ணு சாந்தமா?" என்று கேட்டார், "எங்க வீட்டுப் பெண்கள் குரல் உயர்த்திப் பேசினதில்ல" என்று நான் சொன்னேன். விசைத்தறி ஓடுகிற வீட்டில் குரலை உயர்த்தாமல் உப்பைக்கூடக் கேட்டு வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

நிச்சயம் ஆகாத பெண்ணை ஒரு ஆணோடு தனியாக அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. "நீங்க கார்ல பின்னால வாங்க நைனா" என்றான் கோவர்த்தனன். காரில் உட்கார்ந்தால் முன்னால் என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழுமா? என் பழைய அட்லஸ் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டேன். நூல் மூட்டை வைத்துப் புத்தூருக்கும் நகரிக்கும் நான் மிதித்த மிதியில் அந்தச் சாலையே தேய்ந்திருக்கிறது.

புறப்படுகிற நேரத்தில் பிரபாகரைப் பார்த்தேன். மஞ்சளும் ஊதாவுமாக உடம்போடு ஒட்டின சட்டை. பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை. நெசவாளி என்ற முறையில் துணியைத் தொட்டு இழுத்துப் பார்த்தேன். நான்கு பக்கமும் இழுபட்டது. மானத்தை மறைக்க நெய்த துணி அல்ல அது. மானம் எந்த அளவு என்று அளந்து காட்ட நெய்தது.

"வசதியா இருக்கும் சார்" என்றார் பிரபாகர். என்னை அவர் 'சார்' என்றுதான் கூப்பிட்டார்.

வைகாசி வெயில். ஹரிதா வெயிலுக்குப் பூசுகிற வெள்ளைக் களிம்பைத் தன் முகத்தில் அப்பிக்கொண்டாள். பிரபாகரும் அப்பிக்கொண்டார். "தோலு உரிஞ்சிடும் தாத்தா" என்று என் முகத்திலும் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அடித்துவிட்டாள். தர்பூசணித் தோலைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பியையும் மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் போட்டு இழுத்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். பால் வாங்கப் போன பெண்ணொருத்தி எங்களைப் பார்த்துவிட்டுத் தூக்கைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வழி நெடுக என் சைக்கிள் இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் போனது. அவர்கள் மெதுவாகப் போனால் நானும் மெதுவாகப் போனேன். வேகம் எடுத்தால் மணியடித்தேன்.

"ஹரிதா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று பிரபாகர் ஆரம்பிப்பார்.

"சொல்லுங்க தம்பி, இன்னா?" என்பேன்.

"ஒண்ணுமில்ல சார். மலை நல்லாருக்கு."

மலை நன்றாகத்தான் இருந்தது. நகரி மூக்கு மலையைப் பார்த்தால் பெருமாளே மல்லாந்து படுத்திருக்கிறார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மேலே வேலை முடிந்தவர் படுக்கிறார், நாம் மிதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாராயணவனம் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். பத்மாவதித் தாயாரைப் பெருமாள் முதலில் பார்த்ததும் பிறகு கல்யாணம் செய்துகொண்டதும் இந்த ஊரில்தான் என்பது தலபுராணம். வேட்டைக்கு வந்தவர் நந்தவனத்துக்குள் குதிரையோடு நுழைந்துவிட்டார். தாயாரின் தோழிகள் கல்லெறிந்தார்கள். குதிரை செத்தே போனது.

"பாத்தீங்களா தாத்தா, சாமியே வண்டி போயி, கல்லடி துன்னுட்டு, நடந்து போயிருக்குது" என்றாள் ஹரிதா. பிறகு என் காதருகே குனிந்து, "இவுரா இருந்தா கல்லுகிட்ட சாரி சொல்லியிருப்பாரு" என்றாள்.

ஊரைத் தாண்டினதும் ஓர் எருமை சாலை நடுவில் நின்றது. நான் சுற்றிக்கொண்டு போனேன். ஹரிதா அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். பிரபாகர் இறங்கினார். மணியை மெதுவாக ஒருமுறை அடித்தார்.

"கொஞ்சம் வழி விடுங்களேன்" என்றார்.

எருமைக்கு 'ங்க' போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். அதுவும் அன்றுதான் கேட்டிருக்கும். திரும்பி அவரை நன்றாகப் பார்த்தது, நகரவில்லை. ஹரிதா என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரித்தாள். சுருட்டப்பள்ளியில் என்ன பதில் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சம்பந்தம் ஒன்று எருமையிடம் போய் மாட்டிக்கொண்டதே என்று வயிறு எரிந்தது.

பிச்சாட்டூர் ஏரி நெருங்கும்போது பிரபாகரின் போன் பெரிய சாலையைக் காட்டியது. நான் கரையோரமாக வேம்புக்கண்டிகை வழியைக் காட்டினேன். ஒரு பக்கம் தண்ணீர், தண்ணீருக்குள் தலைகீழாக மலை, மறுபக்கம் வேர்க்கடலைக் காடு. வரப்போகிற 'இல்லை' கொஞ்சம் தாமதமாக வருவதற்கு நல்ல சுற்றுவழி. "எதுல போலாம்?" என்று ஹரிதா கேட்டாள்.

"உங்க இஷ்டம்" என்றார் பிரபாகர்.

அதனால் கரையில் போனோம்.

எங்கள் பக்கத்துக் கங்கையம்மன் ஜாத்திரை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜாத்திரையில் வேஷம் கட்டுவார்கள். முகத்தில் வெள்ளையோ கரியோ பூசிக்கொண்டு, ஆண்கள் பெண் வேஷம்கூடப் போட்டுக்கொண்டு, வீதியில் வந்து எதிர்ப்பட்டவர்களை எல்லாம் திட்டுவார்கள். அது அம்மன் திட்டுகிற திட்டு. வாங்கிக்கொள்கிறவர்கள் கைகூப்பிக் குனிந்து, வேஷக்காரர் காலில் மஞ்சள் நீர் ஊற்றிக் குங்குமம் வாங்கிக்கொள்வார்கள். திட்டு விழாத வீட்டுக்கு அந்த வருஷம் அம்மன் பார்வை இல்லை என்று பொருள். வேம்புக்கண்டிகையில் வேஷம் கட்டிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் ஸ்ரீ சிட்டி ஷிப்டுக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போய்விட்டார்கள். திட்டுவதற்கு ஆள் இல்லாமல், அந்த வருஷம் கங்கையா புத்தூரிலிருந்து மூன்று பேரை வரச் சொல்லியிருந்தார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊர் முனையில் மூன்று வெள்ளை முகங்கள் சைக்கிளில் வந்து நின்றதும் பம்பை முழங்கியது.

"ரண்டி ரண்டி! ஏமய்யா இவ்ளோ லேட்டு?" என்று தெலுங்கும் தமிழுமாக வரவேற்றுக்கொண்டு கங்கையா ஓடி வந்து என் ஹாண்டில்பாரைப் பிடித்தார். "புத்தூர்லருந்துதானே?"

"புத்தூர் வழியாத்தான் வர்றோம்" என்றேன். நான் பொய் சொல்கிறவன் அல்ல.

மாவிலைத் தோரணத்துக்குக் கீழே எங்களை நிறுத்தினார்கள். கழுத்தில் வேப்பிலை மாலை விழுந்தது. பிரபாகரின் சைக்கிள் செருப்பில் மஞ்சள் நீர் ஊற்றினார்கள்.

"எவ்ளோ அன்பான ஜனங்க சார்!" என்று பிரபாகர் போட்டோ எடுத்தார்.

ஒரு பெண் ஹரிதாவின் சடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "பொம்பள வேஷம் எவ்ளோ அளகா கட்டியிருக்கான் பாருடி. முடி அசல் மாதிரியே கீது!"

"அது அசல்தாம்மா, விடு" என்றேன். கேட்பாரில்லை. பெண்கள் வரிசையாக வந்து தலைகுனிந்து நின்றார்கள்.

"திட்டு சாமி" என்றாள் முதலில் நின்றவள்.

பிரபாகர் என்னைப் பார்த்தார். "எதுக்குங்க திட்டணும்? நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலியே?" என்றார் அவளிடம். அவள் முகம் விழுந்துவிட்டது. பின்னால் முணுமுணுப்புக் கிளம்பியது. அம்மன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், ஊருக்கு என்ன வரப்போகிறதோ என்று ஒருத்தி அழவே ஆரம்பித்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஹரிதாவுக்கும் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஏனென்றால் கரைமேல் புழுதி கிளப்பிக்கொண்டு கோவர்த்தனனின் கார் வந்துகொண்டிருந்தது. உள்ளே சுமித்ரா அம்மாள். குரல் உயர்த்தாத பெண் என்று நான் வாக்குக் கொடுத்த அம்மாள்.

ஹரிதா வாயைத் திறந்தாள். தறிச் சத்தத்தைத் தாண்டிப் பழகின குரல். வேப்ப மரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. கடா கயிற்றை இழுத்தது.

"இன்னாங்கடி நிக்கிறீங்க, சோம்பேறி முண்டங்களா! கண்ணு முன்னால கடலாட்டம் ஏரிய வச்சிகினு குழாயடியில கொடத்தால மண்டைய ஒடச்சிக்கிறீங்களே! கட்டினவனெல்லாம் குவைத்துல ஒட்டகத்துக்குப் பல்லு வெளக்கிகினு கிறான், நீங்க இங்க சீரியல் பாத்துகினு கிறீங்க!"

மீதி அச்சில் ஏறாது. எங்கள் குடும்பத்தில் அத்தனை வார்த்தைகள் இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் தாய்வழியில் வந்திருக்க வேண்டும். ஜனம் ஆனந்தமாகக் குனிந்தது, குலவை எழும்பியது.

கார் கதவு திறந்தது. சுமித்ரா அம்மாள் இறங்கி நின்று கேட்டார். முழுவதும் கேட்டார். என் வாக்கு, என் தகப்பனார் வாக்கு, எங்கள் வீதியின் வாக்கு எல்லாம் ஏரிக்குள் போய்விட்டது; ஆனாலும் நான் முதுகை நிமிர்த்தி நின்றேன். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தோளில் இழுத்து மூடிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வந்து ஹரிதாவின் முன்னால் தலைகுனிந்தார்.

"எனக்கும் ரெண்டு சொல்லு தாயீ" என்றார். "கண்ணாலம் கட்டிக்கினு பெங்களூரு போனதுலருந்து ஒருத்தர் என்னைத் திட்டல. அபார்ட்மென்ட்ல அல்லாரும் குட்மார்னிங்தான் சொல்றாங்க. திருப்பதில எங்க வீதில வருஷா வருஷம் வாங்குவேன்."

ஹரிதா ஒரு கணம்தான் தயங்கினாள்.

"பெத்த புள்ளைய எருமைக்குக்கூட வணக்கம் வைக்கிறாப்ல வளத்து வச்சிருக்கியே, பன்னாடை! அவன் வாயில நாக்கு வச்சியா, வெண்ணெய வச்சியா?"

சுமித்ரா அம்மாள் கண்ணை மூடிக் குங்குமத்தை வாங்கிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் கழுத்தில் கயிறு கட்டிய செல்போன் தொங்கக் கன்னியம்மாள் வந்தாள். வேறு யாரிடமும் போகவில்லை. நேராகப் பிரபாகர் முன்னால் வந்து நின்றாள். அவள் மகனும் அதே உயரமாம். குவைத்துக்குப் போனவனிடமிருந்து வெகுநாளாகப் பேச்சில்லை.

"உன் வாயால நாலு வார்த்தை வந்தா அவங்கிட்டருந்து போன் வரும் சாமி. திட்டு."

"பாட்டி... நீங்க பெரியவங்க... எனக்கு வராதுங்க..."

"ஒண்ணே ஒண்ணு."

பிரபாகரின் நெற்றியில் வெள்ளைக் களிம்பு வேர்வையில் கரைந்து ஓடியது. கன்னியம்மாள் கூப்பிய கையை இறக்கவில்லை. ஊர் காத்திருந்தது. ஹரிதா இமைக்காமல் அவரையே பார்த்தாள். சுருட்டப்பள்ளிவரை போகத் தேவையில்லை, பதில் இங்கேயே வந்துகொண்டிருந்தது.

குடும்பத்துக்கு வரப்போகிற ஒருவர் நாலு பேர் முன்னால் திணறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கௌரவம் அல்ல. நடுவில் போனேன்.

"வுடும்மா. அந்தத் தம்பியால முடியாது. வளர்ப்பு அப்டி. நான் வேணும்னா..."

"யோவ்!" என்று ஒரு சத்தம் கேட்டது. யார் என்று பார்த்தேன். பிரபாகர்.

"யோவ் கிழட்டு எருமை! காலையிலருந்து ரெண்டு சைக்கிளுக்கு நடுவுல பூந்துகினு வர்றியே, வழி வுட்டியாய்யா நீ? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்தப் பொண்ணுகிட்ட பேச வுட்டியா? 'சொல்லுங்க தம்பி, சொல்லுங்க தம்பி'ன்னு! உங்கிட்டயா சொல்றது, எனக்கு அவளப் புடிச்சிருக்குதுன்னு? நகரி ஸ்டேஷன்ல ரயில்வே கேட்டு போட்டாப்ல குறுக்க நிக்கிறியே! அந்த எருமையாவது கடைசில நவுந்துச்சு!"

பெங்களூர்த் தமிழ் போய்விட்டது. அவர் அம்மா ஊர்த் தமிழ் அப்படியே வந்தது. சுமித்ரா அம்மாள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நிறுத்துவார் என்று பார்த்தேன். கன்னியம்மாள் பக்கம் திரும்பினார். "நீ இன்னா முழிக்கிற? அவன் போன் பண்ணலேன்னா நீ பண்ணு! கழுத்துல தொங்க வுட்டுகினு கிறியே, அது இன்னா தாயத்தா?"

ஊரே குலவையிட்டது. கன்னியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். கங்கையா ஒரு சொம்பு மஞ்சள் நீரை என் கையில் கொடுத்தார். அவர் வாயால் முதல் திட்டு வாங்கினவர் முதலில் ஊற்ற வேண்டுமாம். ஜனம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் யாருக்கும் குனிந்தவன் அல்ல. அன்று கங்கையம்மனுக்குக் குனிந்தேன். அம்மன் நின்ற இடத்தில் பிரபாகரின் செருப்பு இருந்தது தற்செயல். தண்ணீரை ஊற்றினேன். அவர் என் நெற்றியில் குங்குமம் வைத்தார்.

"சாரி... தாத்தா" என்றார். 'சார்' போய்விட்டிருந்தது.

"அம்மன் வாக்குக்கு எதுக்கு சாரி? வண்டிய எடுங்க" என்றேன்.

ஊரை விட்டு வெளியேறும்போது ஷேர் ஆட்டோ ஒன்று எதிரே வந்தது. அசல் வேஷக்காரர்கள் மூன்று பேர், புடவையும் மீசையுமாக உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். கங்கையா அவர்களிடம், "ஆயிப்போச்சு, இந்த வருஷம் போதும்! சாப்ட்டுட்டுப் போங்க!" என்று கத்தினது காதில் விழுந்தது.

நாகலாபுரத்திலிருந்து சுருட்டப்பள்ளிவரை நான் காரில் வந்தேன். அசதியால் அல்ல; கோவர்த்தனனுக்குத் துணையாக. இரண்டு சைக்கிளும் முன்னால் போயின. அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை ஹரிதா சிரித்த சிரிப்பில் அவள் சைக்கிள் வயலுக்குள் இறங்கப் பார்த்தது.

சுருட்டப்பள்ளியில் சிவன் ஆலகால விஷத்தைக் குடித்துவிட்டு அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். வேறெங்கும் நிமிர்ந்தே இருக்கிறவர் இங்கே ஏன் படுத்தார் என்பது அந்த சைக்கிள் சீட்டில் ஒருநாள் உட்கார்ந்தால் யாருக்கும் விளங்கும். வாசலில் ஹரிதா வந்தாள்.

"சரி தாத்தா" என்றாள்.

"மனசுல இருக்கிறது தெரிஞ்சிதா?"

"நல்லாத் தெரிஞ்சிது. பாதி என்மேல ஆசை, மீதி உங்கமேல கோவம். ஒளிச்சி வைக்கல. போதும்."

ஆவணியில் நாராயணவனத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை காரில்தான் வந்தார். கன்னியம்மாள் கங்கையாவோடு வந்து, பந்தியில் உட்கார்ந்து குவைத்துக்கு வீடியோ கால் போட்டு, மகனுக்கு மாப்பிள்ளையைக் காட்டினாள்.

இப்போது தெற்குத் தெரு பச்சையப்பன் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு பேச்சைக் கிளப்பிக்கொண்டிருக்கிறான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, ஊர் முன்னால் பெண்ணின் தாத்தாவைக் கழுதை என்று திட்டினாராம். எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சரியாகப் பேச வேண்டும். பிரபாகர் என்னைக் கழுதை என்று சொல்லவில்லை. எருமை என்று சொன்னார்.